ஆற்றில் விட்ட விரால்

1

போன சனிக்கிழமை காலை, ஏரிக்கரைக் கடையில் மீன்பிடி உரிமத்தைப் புதுப்பிக்க நின்றுகொண்டிருந்தேன். டென்னசியில் தூண்டிலைத் தண்ணீரில் போட அரசாங்கத்தின் சீட்டு வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கவும் வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் கணினித் திரையைப் பார்த்தபடியே, "இந்த மாநிலத்தில் குடியிருப்பவரா, வெளியாளா?" என்று கேட்டாள். குடியிருப்பவள் என்றேன். எத்தனை வருடமாக என்றாள். பதினெட்டு என்றேன்.

சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. அம்பாசமுத்திரத்தில் பிறந்து, பாளையங்கோட்டையில் படித்து, நர்ஸாகி, விமானம் ஏறும்வரை நான் ஊரில் இருந்தது இருபத்தாறு வருடம். இன்னும் எட்டு வருடம் போனால் இரண்டும் சமமாகிவிடும். அதற்கு அடுத்த நாளிலிருந்து நான் எந்த ஊர்க்காரி?

அந்தப் பெண் சீட்டை அச்சடித்துக் கொடுத்து, "பெரிதாகப் பிடியுங்கள்" என்று வாழ்த்தி அனுப்பினாள். இங்கே தூண்டில்காரர்களை அப்படித்தான் வழியனுப்புவார்கள்.

2

நான் பிடிப்பது பாஸ் என்னும் மீன். பச்சை உடம்பு, உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய வாய். நம் விராலைப் போலவே பாசிக்குள் பதுங்கி இருந்து பாயும். இதைப் பிடிக்க இந்த ஊர்க்காரர்கள் செய்கிற ஏற்பாட்டைப் பார்த்தால் படையெடுப்புக்குக் கிளம்புகிறார்கள் என்றுதான் தோன்றும். கலங்கல் தண்ணீருக்கு ஒரு நிறப் புழு, தெளிந்த தண்ணீருக்கு வேறு நிறம், வெயிலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று. எல்லாம் ரப்பர். சிலவற்றில் பூண்டு வாசனைகூட ஏற்றியிருப்பார்கள். என்னிடம் இருக்கும் பெட்டியில் நாற்பது வகைப் புழுவும் ஒன்பது தவளையும் இருக்கின்றன. மீன் கடிப்பது எப்போதும் பெட்டியில் இல்லாத நாற்பத்தோராவது புழுவைத்தான்.

இதையெல்லாம் எனக்குப் பழக்கியவள் டானா. நான் வேலை செய்யும் மருத்துவமனையில் சுவாசச் சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது இளையவள். விவாகரத்தில் அவள் கணவனுக்கு வீடு போயிற்று, இவளுக்குப் படகு வந்தது. "ஜெயித்தது நான்தான்" என்பாள். எனக்கு என் விவாகரத்தில் மகள் கிடைத்தாள். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

முதல் மாதம் நான் ஒரு மீனும் பிடிக்கவில்லை. இந்தத் தூண்டிலில் தங்கூசி நரம்பு ஓர் உருளையில் சுற்றியிருக்கும். வீசும்போது அது சரசரவென்று சுழலும். சரியான நேரத்தில் கட்டைவிரலால் அமுக்காவிட்டால் நரம்பு முழுதும் சிக்கிக் காக்கைக்கூடாகிவிடும். டானா மீன் பிடிப்பாள். நான் படகின் பின்பக்கம் உட்கார்ந்து காக்கைக்கூடு பிரிப்பேன். பிறகு தவளைக்கு வந்தோம். ரப்பர் தவளையைப் பாசியின் மேல் தத்தித் தத்தி இழுத்துவர வேண்டும். பாஸ் அடியிலிருந்து வெடித்துப் பாயும். பாய்ந்ததும் இழுக்கக் கூடாது. மீன் வாயை மூட விட்டு, இரண்டு எண்ணி, அதன் பிறகே சுண்ட வேண்டும். நான் சத்தம் கேட்டதுமே பதறிச் சுண்டுவேன்; தவளை பறந்து வந்து என் நெற்றியில் அடிக்கும்.

"உன் முழுப் பெயரையும் சொல்லி முடித்துவிட்டு இழு" என்றாள் டானா. என் பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் மீன் அடுத்த மாநிலத்துக்குப் போய்விடும் என்றேன்.

ஒரு வழியாகப் பிடிக்கப் பழகிய வாரம், ஊருக்கு அண்ணியிடம் பேசும்போது பெருமையாக, "அண்ணி, இன்னைக்கு ரெண்டு பாஸப் பிடிச்சேன்" என்றேன். அண்ணி தணிந்த குரலில், "ஏளா, பாஸப் போயிப் பிடிச்சேங்கியே, வேலைக்கு ஒண்ணும் ஆயிராதுல்லா?" என்றார்.

நான் சிரித்தேன். அண்ணிக்குப் பின்னால் யாரோ செருமும் சத்தம் கேட்டது. அது என் அண்ணன். ஏழு வருடம் அவன் என்னோடு பேசவில்லை. ஒவ்வொரு வாரமும் அந்தச் செருமலுக்காகவும்தான் நான் அண்ணிக்குப் போன் செய்தேன்.

3

அண்ணன் அம்பையில் (அம்பாசமுத்திரத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) உயர்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர். சனிக்கிழமை தவறாமல் ஆற்றுக்குத் தூண்டில் போடப் போவான். அது அப்பாவிடமிருந்து வந்தது.

அப்பா தாலுகா அலுவலகத்தில் கிளார்க். சனிக்கிழமைகளில் எங்கள் இரண்டு பேரையும் சைக்கிளில் வைத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டிக் கல்லிடைக்குறிச்சிப் பக்கம் போவார். அங்கே அணைக்கட்டுக்கு மேலே தாமிரபரணி அகலமாகத் தேங்கி நிற்கும். அப்பாவுக்கு ஒரு தூண்டில், அண்ணனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கெண்டை பிடிப்போம். கெளுத்தியைத் தூண்டிலிலிருந்து கழற்ற எங்கள் மூவரில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். என் கையில் அதன் முள் ஒருநாளும் குத்தியதில்லை.

பதிமூன்றாவது வயதில் ஒரு சனிக்கிழமை நான் தூண்டிலோடு வாசலில் நின்றேன். அப்பா சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, "இனிமே நீ வீட்ல இரும்மா" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. சைக்கிள் தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆற்றை அதற்குப் பிறகு பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன். பாலத்தில் பஸ் ஏறும்போதெல்லாம் யாரிடமாவது ஜன்னலோர இருக்கையைக் கேட்டு வாங்குவேன். மறுபடி ஒரு தூண்டிலைத் தொட எனக்கு இருபத்து நான்கு வருடமும் இரண்டு கடலும் ஆயின. இங்கே ஏரியில், பனிமூட்டத்துக்குள், படகில் உட்கார்ந்திருக்கும்போது நான் பார்ப்பது இந்த ஏரியைத்தானா என்று எனக்கே சந்தேகம் வரும்.

4

அப்பா இறந்தபோது எனக்கு இங்கே பதினோரு வருடம் முடிந்திருந்தது. கிரீன் கார்டு என்னும் நிரந்தரக் குடியிருப்பு அட்டைக்கான விண்ணப்பம் அப்போதுதான் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தது. அந்தக் கட்டத்தில் முன் அனுமதிக் கடிதம் இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். அவசர அனுமதிக்கு நேரில் போக வேண்டும். அதற்கு நாள் குறிக்க வேண்டும். மரணச் சான்றிதழ் வேண்டும். அது ஆங்கிலத்தில் வேண்டும். வழக்கறிஞர், "என்ன செய்தாலும் ஒரு வாரம் ஆகும்" என்றார். எங்கள் ஊரில் மறுநாள் சாயங்காலம் அடக்கம்.

அண்ணனிடம் போனில் இதைச் சொன்னேன். வேலை போகும், வீடு போகும், மகள் ஐரினின் படிப்பு பாதியில் நிற்கும் என்றெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல, அப்பாவின் மரணத்துக்கு நான் விடுப்பு மறுக்கும் மேலதிகாரி மாதிரி எனக்கே கேட்டது. கேட்டு முடித்துவிட்டு அண்ணன், "சரி. நீங்க உங்க பேப்பரப் பாத்துக்கோங்க" என்றான்.

பிறந்ததிலிருந்து அவன் என்னை நீங்க என்று சொன்னதில்லை.

அடக்கத்தைச் சொந்தக்காரப் பையன் ஒருவன் போனில் காட்டினான். பாதி நேரம் வானம் தெரிந்தது, பாதி நேரம் யாருடைய குடையோ. ஒருமுறை அண்ணனின் முதுகு தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐரினுக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதிலிருந்து தமிழ் அவளைவிட்டு உதிர்ந்துகொண்டே இருந்தது. மரியாதையாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, போனைப் பார்த்து உரக்க, "தாத்தா செத்துப் போயிட்டானா?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் கூடியிருந்த அத்தனை பேரும் கேட்டிருப்பார்கள்.

அவள் தப்பு ஒன்றும் இல்லை. அவளுக்கு அவன், அவர் எல்லாம் ஒன்றுதான். இப்போது பதினைந்து வயது. மீனைக்கூட அவன் என்றுதான் சொல்லுவாள். "அவனுக்கு வலிக்கும், அம்மா" என்று சொல்லி என்னோடு ஏரிக்கு வர மறுத்துவிடுகிறாள்.

அடக்கத்துக்கு அடுத்த மாதம்தான் டானா என்னைப் படகில் ஏற்றினாள். மருத்துவமனைச் சாப்பாட்டு அறையில் நான் ஒரே சுவரைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேனாம். "பார்ப்பதுதான் பார்க்கிறாய், தண்ணீரையாவது பார்" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

5

அட்டை கைக்கு வந்த பிறகும் நான் நான்கு வருடம் ஊருக்குப் போகவில்லை. அதற்கு எந்த அலுவலகத்தையும் குறை சொல்ல முடியாது. அண்ணன் முகத்தைப் பார்க்கப் பயம். போன தை மாதம்தான், ஐரினை டானா வீட்டில் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். இரண்டாக மடங்கும் தூண்டில் ஒன்றும் சின்னப் பெட்டி ஒன்றும் எடுத்துக்கொண்டேன்.

சென்னை விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். சுங்க அதிகாரி ஒன்றை விரலால் தூக்கி, "இது என்னம்மா?" என்றார்.

"தவளை, சார்."

"இது?"

"புழு, சார். மீன் பிடிக்க."

முகர்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டு, "நீயும் மோந்து பாரு, பூண்டு வாசம் வருது" என்றார். அவரும் முகர்ந்தார். "அமெரிக்காவுல புழுவுக்கே பூண்டு போடறாங்க. என் வீட்டுல ரசத்துக்குப் போட மாட்டேங்கிறாங்க" என்று சொல்லி என்னை விட்டுவிட்டார்கள்.

அம்பையில் வீட்டு வாசலில் அண்ணன் நின்றான். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. "வாங்க. பிரயாணம்லாம் சௌரியமா?" என்றான், பள்ளிக்கூடத்துக்கு ஆய்வாளர் வந்தது மாதிரி. மூன்று நாளும் அப்படித்தான். "சாப்பிட்டீங்களா?", "வெந்நி போட்டிருக்கு, குளிங்க." அண்ணி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்.

நான்காவது நாள் சனிக்கிழமை. விடிந்ததும் அண்ணன் தூண்டிலை ஸ்கூட்டரில் கட்டினான். நான் என் தூண்டிலோடு வாசலுக்கு வந்தேன்.

"நானும் வாரேன், அண்ணே."

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அங்கன நாலு பேரு குளிப்பாவ, துவைப்பாவ."

"குளிக்கட்டும். நான் மீன் பிடிக்கத்தான வாரேன்."

அண்ணி உள்ளேயிருந்து, "கூட்டிட்டுத்தான் போங்களேன். கடல் தாண்டி அந்தக் கம்பத் தூக்கிட்டு வந்திருக்கா. நான் கொழம்புக்கு அரைச்சு வைக்கேன்" என்றார். அண்ணன் ஸ்கூட்டரை உதைத்தான். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

அணைக்கட்டுக்கு மேலே இப்போது கரையோரம் முழுக்க ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. நடுநடுவே கறுப்பாகத் தண்ணீர்த் திட்டுகள். தூரத்தில் மலை நீலமாக இருந்தது. கண்ணை அங்கே வைக்காமல் தூண்டிலைப் பூட்டினேன். "இங்கன பிடிக்க யார்ட்டயாவது கேக்கணுமா, அண்ணே?" என்றேன். உரிமப் பழக்கம்.

"மீன்ட்ட கேளுங்க" என்றான்.

அவன் மண்புழுவைக் கோத்து உட்கார்ந்தான். கால் மணி நேரத்தில் மூன்று கெண்டை. நான் எழுந்து நின்று, படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பார்க்க, அழகாக வீசினேன். காக்கைக்கூடு. இரண்டாவது வீச்சு ஆகாயத்தாமரையில் மாட்டிக்கொண்டது. துவைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், "சார், இது யாரு?" என்று கேட்டார்.

"தங்கச்சி. அமெரிக்கால இருக்காவ."

"பாவம். அங்கன கடையில மீனு கெடைக்காதோ?"

அண்ணன் குனிந்துகொண்டான். தோள் குலுங்கிய மாதிரி இருந்தது. நான் பார்க்காதது போல் தவளையை மாட்டி, இரண்டு செடிக் கூட்டத்துக்கு நடுவே போட்டேன். தத்தவிட்டேன். நிறுத்தினேன். மறுபடி தத்தவிட்டேன்.

தண்ணீர் வெடித்தது.

ஒன்று. இரண்டு. சுண்டினேன். கம்பு வில்லாக வளைந்தது. அந்தப் பக்கம் இழுத்தது பாஸ் இல்லை. பாஸ் மேலே குதித்துத் தலையை உதறும்; இது ஆழத்துக்குப் போய் வேரைச் சுற்றப் பார்த்தது.

"ஏட்டி, விடாத! விடாதட்டி!" அண்ணன் தன் தூண்டிலைப் போட்டுவிட்டு முழங்கால் தண்ணீரில் நின்றான். "தங்கூசியத் தளத்தாத! இங்கன கொண்டா. பைய. பையட்டி!"

விரால். என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீளம். அண்ணன் இரண்டு கையாலும் அள்ளிக் கரையில் போட்டான். நான் கையைத் தண்ணீரில் நனைத்தேன், தூண்டில் முள்ளைக் கழற்றினேன், செவுளைப் பார்த்தேன். பிறகு, ஏழு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் செய்து பழகியதை என் கைகள் தாமாகவே செய்தன. மீனைத் தூக்கி, வயிற்றைத் தாங்கித் தண்ணீருக்குள் பிடித்தேன். அது ஒரு முறை மூச்சு இழுத்தது. கையை விரித்தேன். போய்விட்டது.

அண்ணன் வாயைத் திறந்தபடி நின்றான்.

"என்னட்டி செஞ்ச?"

"பழக்கம், அண்ணே. அங்கன பிடிச்சா விட்டிருவோம்."

"விட்டிருவியளா? பொறவு எதுக்குட்டி பிடிக்கிய? கூறு இருக்கா ஒனக்கு? அவ அங்க அரைச்சு வச்சிட்டு இருக்கா!" சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்க நிற்க முடியாமல் ஈரத்தோடு மணலில் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். படித்துறைப் பெண்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவன் துண்டால் கண்ணைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அப்பா பெட்டியத் தூக்குததுக்கு ஆளு நெறைய வந்தாவ" என்றான். "அதுக்கு ஒண்ணும் கொறையில்ல. ஆனா ஒலகத்துல அவியள அப்பான்னு கூப்பிட ரெண்டு பேருதான இருந்தோம். அன்னைக்கு நான் ஒத்தையில நின்னேன்."

"நானும் அங்கன ஒத்தையிலதான் நின்னேன், அண்ணே."

தலையை ஆட்டினான். பிறகு என்னைப் பார்க்காமலே, "இன்னொண்ணு சொல்லணும். அப்பம் ஒன்ன ஆத்துக்கு வரவேண்டாம்னு சொன்னது அப்பா இல்ல. நான்தான் அப்பாட்ட சொன்னேன். கிளாஸ்ல பயலுவ, ஒன் தங்கச்சி மீன்காரியான்னு கேலி பண்ணுனானுவ. கூட்டிட்டு வந்தா நான் வரமாட்டேன்னு சொன்னேன். அப்பாவுக்கு மனசே இல்ல" என்றான்.

கோபம் வரவில்லை என்று எழுதினால் அது பொய். வந்தது. முப்பது வருடமாக நான் அப்பாவின் மேல் வைத்திருந்த கோபம், தூக்கிக்கொண்டு போய் வைக்க வேறு இடம் தெரியாமல் என் மடியிலேயே கிடந்தது. அப்பாவிடம் கடைசியாகப் போனில் பேசியபோதுகூட அது எனக்குள் இருந்தது. பக்கத்தில் நரைத்த தலையோடு ஓர் ஆள் ஈர வேட்டியில் உட்கார்ந்திருந்தான். இவனையும் எத்தனை காலம்தான் தூரத்தில் வைப்பது? "ஒரு புழு குடு, அண்ணே" என்றேன். என் கம்பை மடக்கி வைத்துவிட்டு அவனுடைய தூண்டிலில் வெயில் ஏறும்வரை கெண்டை பிடித்தேன்.

வழியில் அம்பைச் சந்தையில் நிறுத்தி விரால் ஒன்று வாங்கினான். "அவட்ட சொல்லிராத" என்றான். அண்ணி அன்று குழம்பை ஊற்றிக்கொண்டே, "ஆத்து மீனு ருசியே தனிதான்" என்றார். நாங்கள் இருவரும் தட்டைவிட்டுத் தலையை எடுக்கவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அண்ணன் என்னைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனான். நான் கல்லூரியில் படிக்கும்போது இறந்துபோன அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பா. சிமெண்ட் பூச்சில் சிறிய வெடிப்பு ஒன்று. அதை விரலால் தடவிப் பார்த்தேன். அண்ணன் பொறுமையாகக் காத்திருந்தான். பிறகு அப்பாவுக்கு அந்தப் பக்கம் புல் முளைத்திருந்த இடத்தைக் காட்டினான்.

"நம்ம குடும்பத்துக்குன்னு இன்னும் மூணு இடம் இருக்கு. எனக்கும் அண்ணிக்கும் போவ ஒண்ணு மிச்சம். சர்ச் சேகரக் கமிட்டில பேரு எழுதிக் குடுக்கச் சொல்லுதாவ, இல்லேன்னா வேற ஆளுக்குப் போயிரும். ஒன் பேர எழுதட்டா?"

ஐரின் டென்னசியில் இருப்பாள். அவள் பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். நான் செத்த பிறகு இவ்வளவு தூரம் யார் கொண்டுவருவார்கள்? எந்த அலுவலகத்தில் எந்தச் சான்றிதழ் கேட்பார்கள்? நர்ஸாக இருப்பதால் அந்தக் காகிதங்களின் பட்டியல்கூட எனக்குத் தெரியும்.

"யோசிச்சுச் சொல்லுதேன், அண்ணே."

"பைய சொல்லு. அவசரமில்ல" என்றான். செவ்வாய்க்கிழமை நான் விமானம் ஏறினேன்.

7

அதன் பிறகு சனிக்கிழமை தவறாமல் அண்ணனோடு பேசுகிறேன். எனக்குக் காலை ஆறரை; அவனுக்குச் சாயங்காலம் ஐந்து. போனைப் படகில் நிறுத்தி வைப்பேன். அவன் காபி குடித்துக்கொண்டே நான் வீசுவதைப் பார்ப்பான். "வலது பக்கம் போடுட்டி, அங்கன கொமிளி வருது" என்பான். டானாவுக்கு இப்போது இரண்டு தமிழ் வார்த்தை தெரியும்: பைய, விடாத. இத்தனை மாதத்தில் கல்லறை இடத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய மரியாதை என்று எனக்குத் தெரிந்தது. பதில் மட்டும் தெரியவில்லை.

போன சனிக்கிழமை உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டு தண்ணீருக்குப் போனேன். ஒரு மீனும் கடிக்கவில்லை. அண்ணன் அந்தப் பக்கம் அணைக்கட்டில் தண்ணீர் குறைந்துவிட்டதென்றும், அண்ணிக்கு மூட்டு வலி என்றும் சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் நான் சொன்னேன்.

"எழுதிரு, அண்ணே."

"எதட்டி?"

"என் பேர. வர முடியாமப் போனாலும் பரவால்ல. பேரு அங்கன இருக்கட்டும்."

அவன் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. போன் ஆடியது, அவன் முகத்துக்குப் பதில் மோட்டு வளை தெரிந்தது. பிறகு குரல் மட்டும் வந்தது.

"அது அப்படில்லாம் நான் எழுத முடியாதுட்டி. சம்பந்தப்பட்ட ஆளு நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம். கமிட்டில கண்டிப்பா சொல்லிட்டாவ. அடுத்த தைக்கு வந்துரு. மகளையும் கூட்டிட்டு வா."

எங்கள் சேகரத்தில் அப்படி ஒரு விதி இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். கேட்கவில்லை. திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனதும் முதல் காரியமாக விடுப்புக்கு எழுதிக் கொடுத்தேன்.